ஒற்றைக் காலில் சப்பாத்துக் கட்டியவன்

சதீஸ் உட்கார்ந்துகொண்டு சப்பாத்துக் கட்டியதைக் கிருஷ்ணகுமாரி ஒருநாளும் பார்த்ததில்லை. ரப்பர் காட்டில் அட்டைக்கடிக்குப் பயந்து எல்லோரும்தான் கன்வஸ் சப்பாத்துப் போடுகிறார்கள். மற்றவர்கள் வாசற்படியில் குந்தி, கொட்டாவி விட்டு, முதுகைச் சொறிந்துகொண்டு கட்டுவார்கள். சதீஸ் நின்றபடியே ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடைமேல் போட்டு, கொக்குப் போல ஒற்றைக் காலில் நின்று நாடாவை இழுத்து முடிச்சுப் போடுவான். பிறகு கால் மாற்றுவான். சுவரைப் பிடிக்க மாட்டான். பக்கத்து வீட்டாரோடு கதைத்துக்கொண்டே கட்டுவான். விளையாட்டு மைதானத்திலும் அப்படித்தான்.

கல்யாணத்துக்கு முன்பே அவள் அதைக் கவனித்திருக்கிறாள். எதிர்த்த லயத்து வீட்டு வரிசையின் பைப்படியில் குடத்தை வைத்துவிட்டு, அது நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட வருசம் அது. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் அவளுக்குக் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். வாய் செய்யாத வேலையையும் சேர்த்துக் கண் செய்யும். கல்யாணமாகி ஏழு வருசம் ஆன பிறகும் அவள் அவனிடம் அந்தப் பழக்கத்தைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் அதை நினைத்துக்கொண்டு செய்வான், பிறகு அது அதுவாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

இந்த வருசம் தை மாதத்துக்குப் பிறகு சதீஸ் வாசற்படியில் உட்கார்ந்துதான் சப்பாத்துக் கட்டினான். லயத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் செய்வதைத்தானே அவனும் செய்கிறான்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவோடு நடந்த மட்ச்சில்தான் கால் போனது. தெஹியோவிட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிரிவுக்கு ஒரு புட்போல் டீம் உண்டு. மேல்பிரிவு டீமில் சதீஸுக்கு இரண்டு வேலை. பந்தோடு ஓடுகிற யோகராஜை எதிராளிகள் நெருங்காமல் தன் அகலமான தோளைக் கொடுத்து மறிப்பது ஒன்று. எல்லோரும் அவனை மறந்திருக்கிற நேரம் பார்த்து முன்னே போய், உயரத்தில் வரும் பந்தைத் தலையால் வாங்கிக் கோலுக்குள் தள்ளுவது மற்றது. அன்றும் அப்படித்தான் எழும்பினான். இறங்கும்போது வலது பாதம் ஈர மண்ணில் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. கரையில் நின்றிருந்த குமாரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைத்தான் பார்த்தாள். அது போகக் கூடாத பக்கம் போய்வந்தது.

பெரியாஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே சவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார் டொக்டர். பொறுமையாக இருந்தால் வெட்டாமலே தேறலாம். ஓடக்கூடாது, மேடு பள்ளம் ஏறி இறங்கக் கூடாது. மீதிப் பாதியும் கிழிந்தால் பிறகு மலைச்சரிவு வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

குமாரி அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் காலை மட்டும் நினைக்கவில்லை. தன்னையும் நினைத்தாள். அவிசாவளையில் ஒரு தையல் தொழிற்சாலையில் அவளுக்கு ஓர் இடம் ஆகியிருந்தது. அடுத்த லயத்துக் கலைச்செல்வி அங்கே வேலை செய்கிறாள். அவள் வீட்டு மெஷினில் பழகித்தான் குமாரி தையல் கற்றாள். மழைக்கு நனையாத கூரை, மேலே காற்றாடி, முக்கியமாக அவளை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய அறை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்புக்கிழுக்க ஆளில்லாத இடம். ஆனால் லயக் காம்பரா தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டுக்கொண்டு, வேலைப் பதிவில் இருந்தால்தான் காம்பராவில் இருக்கலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். இருவருமே ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர்கள், ஆளுக்குத் தனித்தனி மரங்கள். சதீஸ் தன் மரங்களுக்குத் திரும்பினால் அவள் போகலாம். திரும்பாவிட்டால் போக முடியாது. தொழிற்சாலையில் ஆவணி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

மூன்று வாரம் சுகயீன லீவில் போயிற்று. பிறகு இராமசாமிக் கங்காணி வந்து வாசலில் நின்றார்.

"தம்பி, இதுக்கு மேல பேர் விழல்லன்னா பேரை வெட்டிருவாங்க. பொறகு புதுசா போடச் சொன்னா போட மாட்டாங்க. ஏதாச்சும் பண்ணி வேலைக்கு வாரதா காட்டிக்க."

"கால ஊன முடியல்லையே கங்காணி."

"நான் கால ஊனச் சொல்லல்லப்பா. காட்டிக்கன்னு தான் சொன்னேன்."

அவர் போன பிறகு குமாரிதான் சொன்னாள். "ஒங்க மரத்தையும் நானே வெட்டிர்றேன்."

இப்படித்தான் அந்தப் பொய் தொடங்கியது. விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு முதலில் சதீஸின் மரங்களுக்குப் போவாள். அவன் மரங்கள் சரிவில் நின்றன. அவனும் கூடவே மெதுவாக வருவான். பாதையோரச் சமதரையில் நின்ற கொஞ்ச மரங்களை அவன் வெட்டுவான். மேலே உள்ளதையெல்லாம் அவள் வெட்டுவாள். அதை முடித்துவிட்டுத் தன் மரங்களுக்கு அவள் வரும்போது வெயில் ஏறியிருக்கும். ரப்பர் மரம் வெயிலுக்கு முன் வெட்டினால்தான் பாலை விடும்; பிந்தி வெட்டினால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். பால் எடுக்கும் நேரத்தில் இரண்டு வாளிகளையும் அவளே சரிவிலிருந்து இறக்கிக் கடைசி வளைவு வரை கொண்டுவருவாள். அங்கே, பால் நிறுக்கும் ஸ்டோரில் நிற்பவர்கள் கண்ணில் படுமுன், நிறைந்த வாளியைச் சதீஸ் வாங்கிக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கொஞ்சத் தூரம் நேராக நடப்பான்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. அந்தப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமும் இல்லை. மற்ற வீடுகளில் மழையைத் திட்டினார்கள். குமாரி தகரத்தில் அது விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இன்றைக்கு அந்தக் காலுக்கு ஓய்வு, எனக்கும் ஓய்வு என்று படுத்திருப்பாள்.

ஸ்டோரில் பாலை நிறுப்பவர் பீல்ட் ஒபிசர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், புட்போல் பைத்தியம். சதீஸை மல்லி, அதாவது தம்பி என்றுதான் கூப்பிடுவார். சதீஸின் வாளியை நிறுவையில் வைக்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்ந்தது.

"சதீஸ் மல்லி, கால் ஒடஞ்சவன் வெட்டுற பாலா இது? முந்தி மாதிரியே இருக்கே."

"தேறிக்கிட்டு வருது மாத்தையா."

அடுத்ததாகக் குமாரியின் வாளி ஏறும். அதில் பால் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் நிற்கும் பெண்கள் சும்மா இருப்பார்களா.

"புருசன் நொண்டிக்கிட்டே இம்புட்டு வெட்டுறான். பொண்டாட்டி மரத்தடில படுத்து தூங்கிட்டு வாரா போல."

"அவளுக்கு இப்ப மனசெல்லாம் அவிசாவளையில. தையல் மெஷினு கனவுல வந்து கூப்பிடுதாம்."

குமாரி தலையைக் குனிந்துகொள்வாள். சதீஸ் வேறு பக்கம் பார்ப்பான். அவன் வாய் திறக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒருநாளாவது அவன் ஏதாவது முனகுவான் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள்.

இந்த நிலையில்தான் போனில் சதீஸின் விலை ஏறத் தொடங்கியது.

தெஹியோவிட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கிற ரிப்கான், தோட்டத்துப் புட்போலுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு விளையாட்டை நடத்திவந்தான். எல்லாப் பிரிவு டீம்களிலும் உள்ள ஆட்களுக்கு அவன் ஒரு விலை போடுவான். காசு இல்லை, எல்லாம் புள்ளிதான். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் நூறு புள்ளிக்குள் தனக்கு ஐந்து பேரைத் தெரிந்தெடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்ச்சில் அந்த ஐந்து பேர் போடும் கோலுக்கும் காப்பாற்றும் கோலுக்கும் புள்ளி கிடைக்கும். ஐவரில் ஒருவனைத் தலைவன் என்று குறித்தால் அவன் புள்ளி இரட்டிப்பு. முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு நாட்டுக்கோழி. கடைசியாக வருகிறவன் எல்லா டீம் ஜேர்சியையும் ஆற்றில் துவைத்துக் காயப்போட வேண்டும். அந்தக் கோழிக்கு ஆசைப்பட்டும் இந்தத் துவைப்புக்குப் பயந்தும் கங்காணியிலிருந்து கோயில் பூசாரி வரை ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கால் போன மறுநாள் ரிப்கான் சதீஸ் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம் போட்டான். மிக உயர்ந்த விலையில் இருந்தவனைக் கடைசி விலைக்கு இறக்கினான். பங்குனியில் வட்டம் மஞ்சளாயிற்று. சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு பச்சை. ஸ்டோரில் பாலை நிறுக்கிறவரே அந்தக் குழுவில் இருந்தார். "மல்லி பழைய நிறைக்கு வெட்டுகிறான், கால் சரி" என்று அவர் எழுதியதை யார் மறுப்பார்கள்? மைதானத்தில் அவனை ஒருவரும் ஓட விட்டுப் பார்க்கவில்லை. தோட்டத்தில் ஒரு மனிதன் நன்றாக இருக்கிறானா என்று பார்க்க அவன் இறக்கும் வாளியைத்தான் பார்ப்பார்கள். விலை மலிவாக இருக்கும்போதே அவனை எடுத்துப் போடுவோம் என்று ஒவ்வொருவராக அவனை எடுத்தார்கள்.

ஒருநாள் பின்னேரம் யோகராஜ் வீட்டுக்கு வந்தான். டீம் கப்டன், வாய் ஓயாதவன்.

"அண்ணி, பிளேன் டீ ஊத்துங்க. ஒங்க வீட்டுல இப்ப ஊர்ல உள்ள எல்லாருக்கும் பங்கு இருக்கு."

"என்ன பங்கு?" என்றான் சதீஸ்.

"ஒன் கால்ல மச்சான். பூசாரிகூட ஒன்னத்தான் தலைவனா போட்டிருக்காரு. கங்காணி போட்டிருக்காரு. பீல்ட் ஒபிசர் போட்டிருக்காரு. நான் என் அஞ்சு பேர்ல என்னையே எடுக்கல்ல, ஒன்ன எடுத்திருக்கேன். ஆனி கடைசி ஞாயிறு பைனல். நீ வந்து நில்லு, போதும்."

"டொக்டர் இன்னும்..."

"டொக்டருக்கு என்ன தெரியும், அவர் பால் வெட்டினாரா? அவ்வளவு மரத்தையும் ஏறி எறங்கி வெட்டுறவனுக்கு அரை மணி நேரம் ஓட ஏலாதா?"

சதீஸ் சிரித்தான். குமாரி அடுப்படியிலிருந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பயந்தவனின் சிரிப்பு பாதி, ஆசைப்பட்டவனின் சிரிப்பு பாதி. நாலு மாதமாக யாரும் அவனைத் தேடி அப்படி வாசல் ஏறியதில்லை.

யோகராஜ் போன பிறகு அவள் கேட்டாள். "வர ஏலாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஏன்னு கேட்டா?"

"கால் வலிக்குதுன்னு சொல்லுங்க."

"வலிக்கிற காலோட எப்புடிடா இவ்வளவு பால் வெட்டுறன்னு கேப்பான். அதுக்கு என்னா சொல்ல? என் பொண்டாட்டி வெட்டுறான்னா? வெட்டாத நாளுக்கெல்லாம் நான் பேர் போட்டிருக்கேன் குமாரி. ரெண்டு பேரையும் வெளிய போடுவாங்க."

அவன் போனை எடுத்துப் பச்சை வட்டத்தை அவளுக்குக் காட்டினான். "பாரு, பழைய வெலைக்கு வந்துட்டேன்."

"நீங்களும் ஒங்கள எடுத்திருக்கீங்களா?"

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

வைகாசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிங்கள மிஸ் அவன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னும் இளகிக்கிடக்கிறது, மேடு ஏறுகிறாயா என்று கேட்டாள். இல்லை மிஸ் என்றான் சதீஸ். ஸ்டோரில் தேறிவிட்டது என்று பொய், இங்கே மேடு பக்கமே போகவில்லை என்று உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அவனுக்கு உலகத்தில் இந்த ஓர் அறைதான் இருந்தது. இன்னும் நாலு மாதமாவது பொறுக்க வேண்டும், பந்தைத் தொடவே கூடாது என்றாள் மிஸ்.

பைனலுக்கு முந்திய வியாழக்கிழமை குமாரி பஸ் ஏறித் தனியாக ரிப்கான் கடைக்குப் போனாள். கடைக்குள் ஆட்கள் போகும்வரை எதிர்ப்பக்கத்தில் நின்றாள். ஒருவன் போக இன்னொருவன் வந்தான். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"வாங்கக்கா. போனுக்கு ரீலோடா?"

"இல்ல தம்பி. அவரு பேருக்கிட்ட... அந்த பச்சை."

"சதீஸ் அண்ணனுக்கா? ஓ, நேத்துத்தான் இன்னும் வெலைய ஏத்தினேன்."

"அதச் செவப்பாக்க ஏலுமா?"

ரிப்கான் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். நல்ல பையன்தான். கேலி செய்யாமல் கேட்டான். "ஏனக்கா? ஒடம்புக்கு வருத்தமா?"

"கால் இன்னும் சரியில்ல."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்? அண்ணனே சொன்னாரா?"

அவளுக்குத் தெரிந்த உண்மைகள் இரண்டு. ஒன்றைச் சொல்ல முடியாது. மற்றதைச் சொன்னாள்.

"அவரு இப்ப ஒக்காந்துதான் சப்பாத்து கட்டுறாரு."

ரிப்கான் மெல்லச் சிரித்தான். "அக்கா, நானும் ஒக்காந்துதானே கட்டுறேன். எல்லாரும் அப்புடித்தானே."

"முந்தி நின்னுக்கிட்டு கட்டுவாரு."

"சரிக்கா. ஆனா இதப் போட்டா குழுவுல என்ன அடிக்க வருவாங்க. பீல்ட் ஒபிசர் தெனம் நெறை சொல்றாரு. அதுக்கு மேல நான் என்னத்தப் போட?" அவள் முகத்தைப் பார்த்து, "ஒங்களுக்குப் பயம். அது சரிதான். பைனல் நாள் எல்லா வீட்டுலயும் பயந்தான்" என்றான்.

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் தொழிற்சாலை விட்டு வந்த பெண்கள் நூல் ஒட்டிய சட்டையோடு தூங்கி வழிந்தார்கள். அவளுக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமைக்கு நடுவில்தான் ஒன்று உறைத்தது. ஊரே அவன் முழங்காலில் பங்கு வைத்திருக்கிறது, நானும் வைத்திருக்கிறேன். பூசாரிக்கு அது கோழி, எனக்கு அது காற்றாடி. அந்தக் கால் அவனுக்கு வலிக்கிறதா என்று கடைசியாக எப்போது கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் கேட்டாள். "ரொம்ப வலிக்குதா?"

"எறங்கும்போது" என்றான் சதீஸ். "ஏன், இப்ப கேக்குற?"

சனிக்கிழமை வெயில். எல்லோரும் ஸ்டோரில் வரிசையில் நின்றார்கள். சதீஸ் வாளியோடு நடந்து வந்தபோது இரண்டு பேர் கை தட்டினார்கள். "நாளைக்கு ரெண்டு கோல், குறையக் கூடாது" என்றார், காட்டிக்கச் சொன்னதைத் தானே மறந்துவிட்ட கங்காணி. பீல்ட் ஒபிசர் வாளியை நிறுவையில் வைத்து, முள்ளைப் பார்த்து, ஏதோ தானே வெட்டிய பால் போலத் தலையை ஆட்டினார்.

குமாரி வரிசையை விட்டு முன்னே போனாள். நிறுவை மேசைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"மாத்தையா, இது நான் வெட்டின பாலு."

"எது?"

"அவரு வாளியில உள்ளது. மாசி மாசத்திலேருந்து நான்தான் வெட்டுறேன். அவரால ஏற ஏலாது."

சத்தமில்லாத குரல். மேசையருகே நின்ற அவருக்கும் சதீஸுக்கும் மட்டுமே கேட்டது. பின்னால் நின்றவர்கள் இன்னும் பைனலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பீல்ட் ஒபிசர் பேனாவை மூடினார். அவர் முகத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. பிறகு அவர் குமாரியின் கையைப் பார்த்தார். கத்தி பிடித்துத் தடித்துப்போன விரல்களைப் பார்த்தார். அவளுடைய அரை வாளியைப் பார்த்தார். ஐந்து மாதமாகத் தன் கண் முன்னால் ஏறிய இரண்டு வாளிகளும் அவருக்கு இப்போதுதான் விளங்கின போலிருந்தது.

"பிஸ்ஸுத நங்கி?" என்றார் தணிந்த குரலில். பைத்தியமா தங்கச்சி என்று கேட்கிறார். "நீ இதச் சொன்னா நான் எழுதணும். எழுதினா ஒங்க ரெண்டு பேர் பேரும் போகும். அஞ்சு மாசம் பாத்து நிறுத்தது யாருன்னு தோட்டத்துத் தொரை என்னையும் கேப்பார்." பேனாவைத் திறந்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒன் வாளிய வை."

அவள் வாளியை வைத்தாள். அவர் நிறுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சதீஸ் வளைவு தாண்டியதும் நொண்டத் தொடங்கினான். "என்ன குழியில தள்ளப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டான். அவள் வாளிகளை வாங்கிக்கொண்டு முன்னே நடந்தாள்.

ஆனால் பீல்ட் ஒபிசருக்குக் கேட்டுத்தான் இருந்தது. அன்று பின்னேரம் அவர் தன் ஐந்து பேரில் சதீஸை எடுத்துவிட்டு, கீழ்ப்பிரிவுக் கோல்காப்பாளனைத் தலைவனாகப் போட்டார். காரணம் எழுதவில்லை. யார் யாரை மாற்றினார்கள் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். பாலை நிறுக்கிறவரே சதீஸை விட்டுவிட்டார் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. முதலில் கங்காணி மாற்றினார். பிறகு பூசாரி. பொழுது சாய்வதற்குள் குழுவில் பாதிப் பேர் அவனைக் கைவிட்டார்கள். பச்சை மஞ்சளாயிற்று. விளக்கு வைக்கும் நேரத்தில் சிவப்பு. ஒருவரும் அவனைக் கூப்பிட்டுக் கால் எப்படி என்று கேட்கவில்லை.

கடைசியாக யோகராஜ் போனில் கூப்பிட்டான். "மச்சான், கோபப்படாத. நாளைக்கு நீ ரிசர்வ்ல இரு. தேவைன்னா எறக்குறேன்."

"சரி" என்றான் சதீஸ். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். குமாரிக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை முகத்தில் காட்டாமலிருக்க விளக்கின் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிறு மைதானம் நிறைந்திருந்தது. சதீஸ் ஜேர்சியோடு கரையோர வாங்குப் பலகையில் இருந்தான். அவன் பக்கத்தில் ஆள் இருந்தும் இடம் காலியாக இருப்பது போலிருந்தது. கரையில் பெண்களோடு குமாரி நின்றாள். மேல்பிரிவு ஒரு கோல் பின்னால் போய்விட்டது. கடைசி நேரம் நெருங்க நெருங்க யோகராஜ் ஓடிக்கொண்டே வாங்கின் பக்கம் பார்த்தான். ஒரு மூலையடி கிடைத்தது. உயரத்தில் வரும் பந்து. அவன் கையைத் தூக்கிச் சதீஸைக் கூப்பிட்டான்.

சதீஸ் எழுந்தான். சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தது. அவன் குனியவில்லை, உட்காரவில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இடது காலைத் தூக்கி வலது தொடைமேல் போட்டான். ஒரு விநாடி அவன் பழைய மாதிரியே நின்றான். நாடாவை இழுத்தான். பிறகு வலது முழங்கால் ஒரு பக்கமாக நழுவியது. கை காற்றில் துழாவி வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. விழவில்லை. ஆனால் விழாமல் பிடித்த விதத்தை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

யோகராஜ் கோட்டருகே வந்து நின்றான்.

"இரு மச்சான்" என்றான். "இரு. பரவால்ல."

சதீஸ் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே மிச்ச நாடாவைக் கட்டினான். மூலையடி வீணாயிற்று. மேல்பிரிவு தோற்றது.

பெண்கள் பக்கம் யாரோ, "அப்ப இவ்வளவு நாளும் பாலு?" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இன்னொருத்தி குமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கையைப் பார்த்தாள். மரத்தடியில் தூங்குகிறவள் என்று சொன்னவள் அவள்தான். மறுநாள் ஸ்டோரில் அவள் குமாரிக்கு வரிசையில் இடம் விட்டாள். எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவரும் பேசவில்லை. பேசினால் பீல்ட் ஒபிசர் எழுத வேண்டிவரும். எழுதினால் ஒரு காம்பரா காலியாகும். அதைப் பார்க்க அங்கே யாருக்கும் விருப்பமில்லை.

ரிப்கான் மட்டும் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவளைக் கண்டு, "அக்கா, நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்" என்றான். அவள் தலையை ஆட்டினாள்.

இப்போது ஐப்பசி. ஆவணியோடு தொழிற்சாலை இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. கலைச்செல்வி விடியற்காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது, மேலே சரிவில் நெற்றி விளக்கு அசைவதைப் பார்த்துக் கை காட்டுவாள். இருட்டில் அவள் காட்டுவது குமாரிக்குத் தெரியாது. காட்டியதாகப் பிறகு சொல்வாள். பீல்ட் ஒபிசருக்கு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நிறுவை முடிந்த பிறகு, "நங்கி, ஸ்டோரக் கழுவிட்டுப் போ" என்று அவளைத்தான் சொல்வார். அவளால் முடியாது என்று சொல்ல முடியாது. சதீஸின் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறது. மீதிச் சவ்வு கிழியவில்லை. பாதையோர மரங்களோடு சரிவில் முதல் இரண்டு வரிசையையும் இப்போது அவனே வெட்டுகிறான். மற்ற மரங்களைக் குமாரி வெட்டுகிறாள். இருவர் பெயரும் தோட்டத்தில் இருக்கிறது. ரிப்கானின் குழுவில் சதீஸ் பெயர் இல்லை. காலையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டுகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன்னுடையதைக் கட்டுகிறாள்.